முப்பத்திரண்டு சிவப்புத் தொப்பிகள்

சீனாவின் ஷாவோசிங் நகரத்துச் சாயப்பட்டறை மூடியபோது வேலை போனவர்களில் சுயிதி அக்காவும் ஒருவர். அதன் பிறகு பதினேழு வருடங்களாக, ஓய்வுபெற்ற முதியவர்களைக் காலையில் பேருந்தில் ஏற்றி, மலையோ ஏரியோ காட்டி, இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார். ஒலிபெருக்கியில் கத்திக் கத்தி அவர் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஆகிவிட்டது. மாடிப்படியில் நலம் விசாரிப்பதும் அதே குரலில்தான்.

அவருக்கு மேல் தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். துணி வியாபாரத்துக்காக அப்பா எங்களை இங்கே அழைத்து வந்தபோது எனக்கு ஆறு வயது. சீனமும் ஆங்கிலமும் இந்த ஊர்ப் பள்ளியில்தான் படித்தேன். ஆனாலும் தெருவில் இன்றும் நான் நேற்று வந்திறங்கியவள்தான்.

நவம்பரில் ஒருநாள், பையான் மலைக்குப் போகும் பேருந்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதென்று அக்கா என்னை அழைத்துப் போனார். முப்பத்திரண்டு முதியவர்களுக்கும் சிவப்புத் தொப்பி கொடுத்தார். நான் கை நீட்டியதும், “உனக்கு எதுக்குடி? உன் மூஞ்சியே போதும்” என்றார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தார்.

“மலையில டூர் கூட்டத்துக்கு ஒண்ணுன்னு நூறு கொடி இருக்கும், என் கொடியைத் தேடாதீங்க. வழி தப்பினா வெளிநாட்டுக்காரங்க பின்னாடியே போங்க. எங்க நின்னாலும் பளிச்சுன்னு தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கடைசி இருக்கையில் இருந்த ருவான் தாத்தா மட்டும் சிரிக்காமல், பாடம் ஒப்பிப்பதுபோல அதை இரண்டு முறை சொல்லிக்கொண்டார். எழுபத்தொன்பது வயது. சமீபமாக அவருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது.

மலையில் எனக்கு வழக்கமானதுதான் நடந்தது. யாரோ ஒரு குழந்தையை என் கையில் திணித்துப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் என் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பதினோராவது படத்தோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. மழைச்சட்டையின் தலைமூடியைக் கண்வரை இழுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் பின்னாலிருந்த தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று மணிக்குப் பேருந்தில் ஏறினோம். சுயிதி அக்கா முன்னால் நின்றபடியே எண்ணினார். முப்பத்திரண்டு. வண்டி புறப்பட்டது. மூன்றாவது வளைவில், முன் வரிசையில் தோழியோடு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ருவான் தாத்தாவின் மனைவி, அவருக்கு பிஸ்கட் கொடுக்க எழுந்து பின்னால் போனார். இருக்கையின் தலைப்பகுதியில் தொப்பி மட்டும் மாட்டியிருந்தது. வேறு யாரும் உட்காராமல் இருக்க, காலையில் இறங்கும்போதே இடம் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா எண்ணியது தொப்பிகளை.

“சாப்பிடறதுக்கு முன்னாடி சக்கரைக்கு ஊசி போட்டிருக்கு” என்றார் மனைவி. “மூணு மணிக்கு எதாவது உள்ள போகணும். இல்லேன்னா அப்படியே சாஞ்சிருவாரு.”

வண்டி திரும்பியது. மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அவரு உன் பின்னாடிதானே வந்தாரு?”

தலைமூடியைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வாயிலில் இறங்கி ஒவ்வொரு கடையாக, ஒரு தாத்தாவைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டு ஓடினார். அந்த மலையில் அன்று ஆயிரம் தாத்தாக்கள். யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனக்கு அப்போதுதான் காலையில் அவர் ஒப்பித்தது நினைவுக்கு வந்தது.

“தாத்தாவைக் கேக்காதீங்க அக்கா” என்றேன். “வெளிநாட்டுக்காரங்க யாராவது போனாங்களான்னு கேளுங்க.”

கஷ்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அதான் பக்கத்துலயே ஒருத்திய வச்சிருக்கியே” என்றாள் அக்காவிடம். பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். “ஓ, அந்தத் தாடிக்காரனா? போட்டோ எடுத்தேனே. மாமனாரைக் கூட்டிட்டுப் போறான்னு பேசிக்கிட்டோம்.”

படத்தில் பொன்னிறத் தாடியோடு முதுகுப்பை சுமந்த நெடிய ஆள். அவனுக்கு நாலடி பின்னால், வெறுந்தலையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ருவான் தாத்தா. நேரம் ஒன்று ஐம்பது. அவர்கள் போன பாதை மலையின் மறுபக்கம் நீர்த்தேக்கத்தில் போய் இறங்குகிறது. ஒன்றரை மணி நேர இறக்கம், எல்லாம் படிகள்.

சாலை வழியாகச் சுற்றிப் போக நாற்பது நிமிடம் ஆயிற்று. பிஸ்கட் பொட்டலத்தை மனைவி இறுக்கிப் பிடித்ததில் உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டது. அக்காவின் மடியில் ஒலிபெருக்கி ஆடிக்கொண்டிருந்தது. சாலை சமமாகத்தான் இருந்தது.

நீர்த்தேக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் இருவர் நின்றிருந்தார்கள். தாடிக்காரனின் மேல்சட்டை தாத்தாவின் தோளில் இருந்தது. தாத்தாவின் ஒரு கையில் கடித்த சாக்லேட். மறுகை அவன் பையின் வாரை விடாமல் பிடித்திருந்தது. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பாதி வழியில் முதியவருக்குக் கை நடுங்கியதும் தன்னிடம் இருந்த இனிப்பைக் கொடுத்தானாம். மொழி புரியவில்லை, விட்டுப்போகவும் மனமில்லை, இரண்டு பேருந்தை விட்டுவிட்டேன் என்றான்.

தாத்தா அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டார். “இவன் ரொம்ப வேகமா நடக்கறான்மா. நீ சொன்னியேன்னுதான் விடாம வந்தேன்.”

அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தாடிக்காரனையும் ஏற்றிக்கொண்டோம். இந்த முறை அக்கா முன்னால் நிற்கவில்லை. ஒவ்வொரு வரிசையாக வந்து, ஒவ்வொரு தோளையும் கையால் தொட்டு எண்ணினார். ருவான் தாத்தாவை இரண்டு முறை தொட்டார். கடைசியாக என்னிடம் வந்தார். குளிருக்காக நான் மறுபடி தலைமூடியைப் போட்டிருந்தேன். அதைப் பின்னால் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, அதன் பிறகுதான் எண்ணைச் சொன்னார்.