ராகி ஒட்டிய ரிப்பன்

மகள் பள்ளிக்காக ரிப்பனில் கோந்து தடவி ராகி ஒட்டுகிறாள். அந்த வாசனையில் எங்கள் தொம்மலூர் வீடு நினைவுக்கு வந்தது.

பள்ளியில் படிக்கும்போது அக்காவும் இப்படித்தான் உயிரணுவின் மாதிரி ஒன்று செய்தாள். மடித்து வைத்த இரண்டு ரிப்பன்கள்தான் உயிரணுவுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை; ஒன்று சொரசொரப்பானது, மற்றது வழவழப்பானது. சொரசொரப்பானதற்கு மட்டும் ராகி. அந்த மணிகள்தான் புரதம் செய்யும் ரைபோசோம்கள். அவள் கடைக்குப் போன நேரத்தில் அப்பா மற்ற ரிப்பனிலும் ராகி ஒட்டிவிட்டார்.

"என்னப்பா இது! அது மொழுமொழுன்னுதான் இருக்கணும். கொழுப்பு செய்யும், விஷத்த முறிக்கும். நாளைக்கு எக்ஸிபிஷன்!" அக்கா அழுதாள்.

"ஒண்ணு மட்டும் மொட்டையா இருந்துச்சே கண்ணு..."

அப்பா நகத்தால் சுரண்டினார். ஓரத்தில் கொஞ்சம் ராகி வரவே இல்லை.

"விடுப்பா. அந்த ஓரத்த ராகி ரிப்பனோட சேத்துடறேன். ரெண்டும் ஒரே வலைதான். சேர்ற இடத்துல கொஞ்சம் ரைபோசோம் இருக்கும்."

இப்போது மகளின் வெறும் ரிப்பன் என் கைக்கருகில் கிடக்கிறது. நான் தொடவில்லை.