பால்ராஜ் ஸ்டாப்

மார்க்கெட்டிலிருந்து காலியாகத் திரும்பும் பூச்சாக்குகளில் மல்லிகை வாசம் மிச்சமிருக்கும். அந்த வாசம் நிறைந்த பஸ்ஸில்தான் நேற்று எனக்கும் கண்டக்டருக்கும் சண்டை. திண்டுக்கல்லில் ஏறி, "பால்ராஜ் ஸ்டாப் ஒண்ணு" என்றேன். கண்டக்டர் தம்பி டிக்கெட் மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்ல சார். பைபாஸ் பிரிவா?"

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

பால்ராஜ் என் கூட்டாளி. பட்டாளத்தில் சேர ஆத்தூர் அணைக்கரையில் இருவரும் ஓடிப் பழகினோம். ஓடினோம் என்பது ஒரு மரியாதைக்குத்தான்; அவன் ஓடுவான், நான் அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். ஆளெடுப்பில் என் நெஞ்சை அளந்த அதிகாரி சிரித்தேவிட்டார். "ஏலே, விடு. ஒனக்கும் சேத்து நான் போறேன்" என்றான் பால்ராஜ். போனான். இருபத்திரண்டு வயதில் எல்லைச் சண்டையில் குண்டு பாய்ந்து, கொடி போர்த்திய பெட்டியில் வந்தான்.

அன்றைக்கு மாலையோடு வந்தவர்கள் எல்லாம் சிலை வைப்போம் என்றார்கள். வருடம் ஒன்று ஓடியது, ஒரு செங்கல்லைக்கூடக் காணோம். அவன் அம்மா எனக்கு அத்தை முறை. மல்லிகை பறித்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகிறவர். மெயின்ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் அப்போதெல்லாம் பஸ் நிற்காது. ஒருநாள் காலை அத்தை பூமூட்டையை நடுரோட்டில் வைத்து முன்னால் நின்றுவிட்டார்.

"எம் மவன் பேரச் சொல்லி இங்கன நிப்பாட்டுங்க. இல்லன்னா எம் மேல ஏத்திட்டுப் போங்க!"

மறுநாளிலிருந்து கண்டக்டரே "பால்ராஜ் ஸ்டாப்" என்று குரல் கொடுத்தார். பிறகு ஊர்க்காரர்கள் சேர்ந்து புளியமரத்தடியில் நிழற்குடை கட்டி அவன் பேரை எழுதினோம். என் கல்யாணப் பத்திரிகையில்கூட 'பால்ராஜ் ஸ்டாப்பில் இறங்கவும்' என்றுதான் போட்டிருந்தது.

ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் புளியமரம், நிழற்குடை இரண்டையும் எடுத்துவிட்டார்கள்; ஸ்டாப் பேரும் 'பைபாஸ் பிரிவு' ஆகிவிட்டது. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் இருக்கிறேனே, ஐயா!

"அதத் தாண்டி ஆத்தூருக்கே குடுங்க தம்பி. பைபாஸ் பிரிவுன்னு என் வாயில வராது."

விலக்கு நெருங்கியதும் எழுந்து பஸ் அதிரக் கத்தினேன்: "பால்ராஜ் ஸ்டாப் எறங்கணும்!"

கண்டக்டர் முறைத்துக்கொண்டே விசில் அடித்தார். நான் இறங்கியதும் படியில் குனிந்து, கடுகடுப்புக் குறையாமலே கேட்டார்: "யாரு சார் அந்தப் பால்ராஜ்?"

மரம் இல்லை, நிழற்குடை இல்லை, அத்தை இல்லை. வெறும் தார்ரோட்டில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை பஸ்ஸின் கம்பியை நான் விடவில்லை.