அக்கா எடுத்த அளவு

கடைசி ஒத்திகையன்று மேலாடையின் முதுகுப்புறக் கொக்கிகளில் மேலே மூன்றுதான் மாட்டின. நான்காவது வரவே இல்லை. என் அக்கா மகள் பாப்பாவின் இடுப்பில் முழங்காலை முட்டுக் கொடுத்து, துணியைப் பிடித்து இழுத்து, ஒருவழியாக எல்லாவற்றையும் மாட்டி மேடைக்கு அனுப்பினேன். ராணி வேடத்தில் அவள் தன் முதல் நீண்ட வசனத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கினாள். அடுத்த வரியில் விலாப்பக்கத் தையல் பிரிகிற சத்தம் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது.

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அக்காவிடம் வந்து நிதானமாகச் சொன்னார்.

“மேடம், ஒட்டியிருக்கிற போஸ்டர் எல்லாத்துலயும் இந்த டிரஸ்தான் இருக்கு. நாளைக்கு இது மேடைக்கு வந்தாகணும். உங்க பொண்ணு போட்டுக்கிட்டு வந்தா சந்தோஷம். இல்லேன்னா இன்னொரு பொண்ணுக்கும் வசனம் பாடம்தான். சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்புறேன், அவளுக்குப் போட்டுப் பாருங்க.”

அந்த இன்னொரு பெண் குச்சி மாதிரி இருப்பாள். அவளுக்கு அது கச்சிதமாக உட்காரும் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாண வயதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். தோழி, தாதி, தூணோரம் நிற்கிற காவலாள் என்று வருஷக்கணக்காக நின்றவளுக்கு வாயைத் திறந்து பேசக் கிடைத்த முதல் வேடம் இது. அதை அவளிடமிருந்து பறிக்கப்போவது அவளைப் பெற்றவள் தைத்த துணி.

அக்காவைத் தெருவில் பொம்மைக்காரி என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அவளைச் சீண்டுவதற்காகவே நானும் சில நேரம் அப்படிக் கூப்பிடுவேன். அத்தான் இறந்த பிறகு ஒரு மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கப் போனவள் அவள். அங்கே மிஞ்சிய உறைத் துணியில் ஆளுயரத்துக்கு ஒரு மனிதனைச் செய்து கடை வாசல் கட்டிலில் படுக்கவைத்தாள். வாங்க வந்தவர்கள், தூங்குகிறவர் எழுந்திருக்கட்டும் என்று மரியாதையாக நின்றார்களாம். அப்படி நின்றவர்களில் ஒருவர் அருங்காட்சியகத்துக்காரர். அவர் உருவங்கள் செய்து தரச் சொல்லிக் கேட்க, அன்றோடு மெத்தைக்கு முழுக்குப் போட்டாள்.

அவள் வேலை எளிதல்ல. கம்பியில் எலும்பு, பஞ்சில் சதை, மெல்லிய பருத்தியில் தோல். ஊசியை உள்ளே விட்டு நூலை இறுக்கி இறுக்கியே கன்னத்தின் பள்ளத்தையும் விரல் முட்டிகளையும் கொண்டுவருவாள். பிறகு அந்த ஆள் வாழ்ந்த காலத்து உடுப்பு. பழைய ஓவியங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கைமடிப்பு முதல் பொத்தான் துளை வரை அப்படியே தைப்பாள். இத்தனை உருவங்களுக்கும் உடம்பு கொடுத்தவள் பாப்பா. எட்டு வயதில் அளவு கொடுக்க ஸ்டூல்மேல் ஏறியவள். மாலுமியின் மகளும் அவள்தான், அரண்மனைச் சலவைக்காரியும் அவள்தான். அவள் வளர வளர உருவங்களும் வளர்ந்தன. ஒரு நாள் இறங்கினாள், வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். இந்த நாடகத்துக்காகத்தான் மறுபடி அம்மாவின் டேப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஒத்திகை முடிந்து மூவரும் வேலையறைக்கு வந்து சேர்ந்தோம். அக்கா மேலாடையை மேஜையில் விரித்து, பிரிந்த தையலைச் சேர்த்துப் பிடித்து அளந்தாள். அளவுச் சீட்டில் எழுதியிருந்தது எதுவோ அதுவேதான் துணியிலும் இருந்தது. பாப்பாவை நிறுத்தி இடுப்பு, விலா, மார்பு என்று மறுபடி அளந்தாள். டேப் அதே எண்களைக் காட்டியது.

“அளவு சரியாத்தானே இருக்கு” என்றாள் அக்கா. “அப்புறம் ஏன் மாட்ட மாட்டேங்குது? மேடையில போய் உடம்பை ஊதிக்கிறியா?”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா.”

“நீ பண்ணல, நான் பண்ணல. அப்போ துணி தானா சுருங்கிச்சா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை.  வாசலில் மணி அடிக்கிற போதெல்லாம் அந்தக் குச்சிப் பெண்தான் வந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன்.

அக்கா ஊசிப் பெட்டியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தேன். பாப்பாவின் தோள்கள் இறங்கின. எக்கியிருந்த வயிறு முன்னால் வந்தது. ஒரு நீண்ட மூச்சு வெளியே போனது. அக்கா திரும்பியதும் எல்லாம் மறுபடி உள்ளே போய்விட்டன.

“பாப்பா, வயித்தை ஏன் எக்குறே?” என்றேன்.

அவள் தன் வயிற்றையே குனிந்து பார்த்தாள். அவளுக்கே அது புதுச் செய்தியாகத்தான் இருந்தது. 

“தெரிஞ்சு செய்யல சித்தி. அம்மா கிட்ட வந்தாலே உடம்பு தானா உள்ள போயிடுது. சின்னப் புள்ளையில அசைஞ்சா திட்டு விழும். அசையாம நின்னாலும் துணியில மாட்டுற குண்டூசி குத்தும். அதுக்கு எட்டாம இருக்க இப்படி நிப்பேன். இப்ப விடணும்னு நெனச்சாலும் விட வரல.”

 அக்கா சுவரோரம் நின்ற உருவங்களின் பக்கம் திரும்பினாள். அருங்காட்சியகத்துக்குப் போகக் காத்திருந்தவை அவை. சலவைக்காரி தோளைத் தூக்கி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். மாலுமியின் மகளும் அப்படியே. பட்டுடுத்திய ராணியும் அப்படியே. உங்கள் உருவங்களுக்கென்று ஒரு கம்பீரம் இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள். கம்பீரமாவது மண்ணாவது. ஊசிக்குப் பயந்த குழந்தையைத்தான் அக்கா திரும்பத் திரும்பச் செய்து நிறுத்தியிருக்கிறாள். அதைக் காண அவளுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. எனக்கும்தான்.

டேப்பை என் கையில் கொடுத்தாள். நான் சுற்றினேன். அக்கா அறையில் இருந்தவரை எண் மாறவில்லை. அவளே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நான் பாப்பாவிடம் நாடகத்து வசனத்தைச் சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல டேப் என் விரல்களுக்குள் நழுவி, சுற்றளவு பெரிதானது.

“ரெண்டு அங்குலம் அதிகம்க்கா” என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். 

உள்ளே வந்தபோது அவள் கையில் கத்தரி இருந்தது. இரண்டு அங்குலத்துக்குத் துணி வேண்டும். அந்தப் பட்டு கடையில் கிடைக்காது. மூடிப்போன ஒரு ஹோட்டலின் திரைச்சீலை அது. பாதி நாடகத்துக்கு, பாதி அந்த ராணி உருவத்துக்கு. ஒரு வருஷம் உட்கார்ந்து அந்த ராணிக்குத் தைத்திருந்தாள். அவளே மெச்சிக்கொண்ட ஒரே வேலை அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அதன் பாவாடை நெடுக வெட்டிவிட்டாள். மேலாடையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்துப் போட்டாள். இனி அது யாருக்கும் ஆகாது, புதுத் துண்டு சரியாக உட்கார்ந்தால் பாப்பாவுக்கு மட்டும் ஆகும்.

குச்சிப் பெண் வந்தபோது அக்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

“டிரஸ் பிரிஞ்சு கெடக்கும்மா. இனிமே அது உனக்குச் சேராது. உங்க டைரக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்.”

அவர் போனில் என்ன சொன்னாரோ, அக்கா காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சரி சார், சரி சார்” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் தைக்க உட்கார்ந்தாள். பட்டின் பூவேலை இணைப்பில் இம்மி பிசகினாலும் மேடை விளக்கில் பல்லிளித்துவிடும். பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். பாப்பாவை ஒரு தடவைகூடக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. நான் எடுத்த அளவை நம்பியே தைத்தாள்.

மறுநாள் ஒப்பனை அறையில் மேலாடையை நான் எடுத்தபோது பாப்பா என்னைத் தடுத்தாள்.

“அம்மா மாட்டிவிடட்டும்.”

“சித்தியே மாட்டட்டும்டி” என்றாள் அக்கா. 

“இல்ல. நீதான் மாட்டணும்.”

கதவருகே இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் மணி அடித்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முதல் கொக்கியை மாட்டினாள். பாப்பாவின் தோள்கள் எழும்பின, வயிறு உள்ளே போனது. புதிதாகச் சேர்த்த இரண்டு அங்குலமும் அக்காவின் விரல்களுக்கு அடியில் தொளதொளவென்று தொங்கியது.

“நான் வேணும்னு பண்ணலம்மா” என்றாள் பாப்பா மெதுவாக.

“தெரியும்டா.”

உடம்பில் விரல் படாமல் கடைசிக் கொக்கி வரை மாட்டினாள். பிறகு ஓர் அடி பின்னால் போனாள். பட்டு அப்படியே தொங்கியது. இன்னும் ஓர் அடி போனாள். என் அக்காவைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அன்றுதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகளின் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல், அறையின் மறுகோடிச் சுவரில் முதுகு இடிக்கும்வரை அவள் போனாள். அவ்வளவு தூரம் போன பிறகுதான் பாப்பாவின் தோள்கள் இறங்கின, மூச்சு வந்தது, பட்டு மெல்ல நிறைந்தது.

“சரியா இருக்கு” என்றாள் அக்கா சுவரோரத்திலிருந்தே. “போயிட்டு வா.”