அண்ணாவின் உடம்பு செய்கிற மருந்து

வலிக்கென்று அண்ணாவுக்குக் கஞ்சா கொண்டுவந்து கொடுத்த கூட்டாளியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு அண்ணா சாப்பிடுவதை விட்டுவிட்டார். அம்மா சூடைமீன் பொரித்து வைத்தார். அந்த மணத்துக்கே அண்ணாவுக்குக் குமட்டிச் சத்தி வந்தது. உடம்பு வேர்த்தது, கால்கள் துடித்தன. அந்தக் கால்களை அவரால் அசைக்க ஏலாது. வலி மட்டும் அவற்றில் அப்படியே இருக்கிறது.

அண்ணா கடலட்டை குளிக்க, கடலடியில் மூழ்கி அட்டை பொறுக்கியெடுக்கப் போனவர். ஒருமுறை ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தபோது மூட்டுகளில் வலி தொடங்கியது. திரும்ப இறங்கினால் வலி போய்விடும் என்று அட்டை குளிப்பவர்கள் நம்புவார்கள். இறங்கினார். வலி போனது. மறுபடி மேலே வந்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

அந்த உழைப்பில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

“வெருகல் முருகனுக்கு நேர்ந்துபோட்டுப் போகேல்லை. அந்தக் கோவம்தான்,” என்றார் அம்மா.

“முருகனுக்கு வேற வேலையில்லையோ? உங்கட டீச்சரைக் கேளுங்கோவன்,” என்றார் அண்ணா, என்னைக் காட்டி.

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். கஞ்சாவில் இருப்பதைப் போன்ற பொருட்களை நம் உடம்பும் செய்கிறது. வலிச் செய்தி அளவுக்கு மீறி வந்தால், அதை வாங்கிய நரம்புக் கலம் தன் கொழுப்பிலிருந்தே அந்தப் பொருளைச் செய்து, அனுப்பிய நரம்புக்குத் திருப்பி விடும்: போதும், குறை. பசியும் நித்திரையும் அளவோடு இருப்பதற்கும் அது உதவுகிறது. எண்டோகனபினொயிட் தொகுதி என்று பெயர். வெளியிலிருந்து கஞ்சா நெடுநாள் வந்துகொண்டிருந்தால், அதை வாங்கும் இடங்களை உடம்பு குறைத்துக்கொள்ளும். திடீரென்று நின்றால் இப்படித்தான் தடுமாறும்.

“அப்ப பசி திரும்பி வருமோ?”

“ஓம் அண்ணா. கொஞ்சக் கிழமையில வரும்.”

“கால் நோவு?”

“முள்ளந்தண்டுக்குள்ள நரம்பே பழுதாப் போச்சு. உடம்பு செய்யிறது அதுக்குப் போதாது.”

“அப்ப என்னைத் திரும்பவும் தண்ணிக்குள்ள இறக்கி விடு.” அவர் சிரிக்கவில்லை.

கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கஞ்சாவை மறைக்காமல் டொக்டரிடம் சொன்னேன். அம்மா வெட்கத்தில் வெளியே நின்றார். நரம்பு வலிக்குக் குளிசை தந்தார்கள். வலி கொஞ்சம் தணிந்தது, போகவில்லை.

ஒரு காலை அண்ணா தானாகவே கஞ்சி கேட்டார். அம்மா அழுதுகொண்டு குசினிக்கு ஓடினார். அண்ணா குடித்து முடித்துக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

“டீச்சர் சொன்னது சரியாத்தான் வந்திருக்கு.”

பிறகு தன் கால்களைப் பார்த்தார்.

“அப்ப கால் நோவுக்குச் சொன்னதும் சரியாத்தான் இருக்கும், என்ன?”