கூல்ஸ்டன் வயலில் கல்லான கடல் முள்ளெலி

நவம்பர் சனிக்கிழமை, காலை எட்டு மணி. கிங்ஸ்பரியில் ஜூபிலி ரயிலேறி, லண்டன் பிரிட்ஜில் மாறி, நகரின் தெற்கு விளிம்பிலுள்ள கூல்ஸ்டனில் இறங்கினோம். இதற்கு முன் மூன்று முறை வந்து வெறுங்கையோடு திரும்பியவள் நான். இன்று ஒன்றாவது எடுக்காமல் வரமாட்டேன் என்று வீட்டில் சவால் விட்டிருந்தேன்.

தேடுவது கல்லாகிப்போன கடல் முள்ளெலியை. இந்த மேடெல்லாம் கடலடியாகக் கிடந்த காலத்து முள்ளுருண்டைப் பிராணி அது. செத்தபின் ஓட்டுக்குள் சிக்கிமுக்கிக்கல் இறுகி, சின்னப் பணிஸ் ரொட்டி அளவில், முதுகில் ஐந்து கதிர் நட்சத்திரத்தோடு மிஞ்சியிருக்கிறது.

கூட வந்தவர் ஜெராட் அண்ணை. மன்னார்க்காரர், எங்கள் தெருவிலிருக்கும் பஸ் டிரைவர். அவர் வீட்டு யன்னலடி நிறைய இந்தக் கற்கள்தான். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவருக்கே கல் என்பது எங்களுக்குள் பேச்சு.

நிலையத்திலிருந்து ஒன்றரை மைல் ஏற்றம். உழுத வயல், விவசாயியிடம் அண்ணை அனுமதி வாங்கியிருந்தார். அடேயப்பா, எத்தனை கற்கள்! ஒவ்வொன்றும் இதுதான் இதுதான் என்று ஏமாற்றியது.

பன்னிரண்டரைக்கு, "தங்கச்சி, இஞ்சால ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார், வானத்தைப் பார்த்தபடி. போனேன். உழவுச் சாலின் நடுவே அழகான நட்சத்திரம்! ஆசையோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். துளி மண் ஒட்டவில்லை. ஓரத்தில் அவர் வீட்டு யன்னல் பெயின்டின் பச்சைக் கறை. அண்ணையின் கல்! கோபமும் வந்தது, அவர்மேல் பாசமும் பொங்கியது.

"ஒண்டையும் காணேல்லை அண்ணை" என்று அப்பால் நடந்தேன்.

மூன்று மணி, கிளம்பும் நேரம். அண்ணை வயலில் தவழ்ந்துகொண்டிருந்தார். "அந்தோனியாரே, காட்டித் தாரும்!" தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதரை விடாமல் கூப்பிட்டார்.

"பச்சைக் கறைக் கல்லைத்தானே தேடுறியள்?" என்று சிரித்தேன்.

அவர் முகம் போன போக்கு! "கண்டனீங்களோ? பிறகேன் எடுக்கேல்லை?"

"நானாய்த் தேடி எடுத்தால்தான் எனக்கு."

"அது என்ர முதல் கல்லு தங்கச்சி. ராசியான கல்லெண்டு உங்களுக்காகக் கொண்டு வந்தனான். இப்ப வைச்ச இடம் தெரியேல்லை."

என் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் இடம் நினைவில்லை. எல்லாச் சாலும் ஒரே மாதிரி. இருவரும் மண்டியிட்டுத் தேடினோம்.

நாலு மணிக்கு, இருட்டிக்கொண்டு வரும்போது, ஓர் உருண்டை விரலில் தட்டியது. மண்ணைத் துடைத்தேன். நட்சத்திரம்! "அண்ணை, கிடைச்சிட்டுது!"

ஓடிவந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறை இல்லை. சின்னக் கல், ஒரு கதிர் உடைந்திருந்தது.

"அந்தோனியார் ஆளை மாறிக் குடுத்திட்டார்" என்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "கண்டது நீங்கள். வாங்கோ, ரயில் போயிடும்."

நான் எழும்பவில்லை. கைபேசி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த சாலுக்கு நகர்ந்தேன்.

"ரயில் போனால் போகட்டும் அண்ணை. நீங்கள் அந்தக் கரையால தேடிக்கொண்டு வாங்கோ."