வாசல்ல ஒரு இருமல்

ஏனுங்க... ஏனுங்க...

நா உங்களுக்கு வெச்ச பேரு இதுதான். கட்டுன நாள்ல இருந்து வேற பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. உங்க பேரு எனக்குத் தெரியாமயா? ரேசன் கார்டுல இருக்குது, இப்ப மால போட்டு மாட்டியிருக்கற போட்டோவுக்குக் கீழயும் எழுதியிருக்குது. வாய்ல மட்டும் வராது.

நீங்களும் என்னயப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. அத்தையும் மாமனாரும் இருக்கற ஊட்டுல உங்களுக்குக் கூச்சம். காட்டு வேல முடிஞ்சு பொழுதோட வந்தா வாசல்ல நின்னு ஒரு இருமல் இருமுவீங்க. ஒண்ணே ஒண்ணு. நா சொம்புத் தண்ணியோட வந்து நிப்பேன். வாங்கும்போது சொம்பப் பாக்காம என்னயப் பாப்பீங்க. அவ்வளவுதான் நம்ம பேச்சு.

இதப் படிக்கறவங்களுக்குச் சொல்றேன். எங்கம்மா ஊடு ஆட்டையாம்பட்டிப் பக்கம். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த உட்டுட்டுத் தறிக்குப் போனவ நானு. கட்டிக்குடுத்தது திருச்செங்கோட்டுப் பக்கம், காடு தோட்டம் இருக்கற ஊடு. மழ தப்பிப் போயி கெணறு வத்துனதும், கல்யாணமாயி மூணே மாசத்துல, எங்கூட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டில ஏறி வடக்க போயிட்டாரு. போனா ஏழு மாசம், எட்டு மாசம். அவருக்கு எழுத்து சரியா வராது, ஒரு கடுதாசிக்கு ஒரு நாளாகும். அதனால ஊட்டுல ஒரு டேப் ரிக்கார்டர வாங்கி வெச்சுட்டுப் போனாரு. அவரு வேல செய்யற வண்டிலயும் ஒண்ணு இருந்துது. ஊருக்கு வந்து போற டிரைவருங்க கையில ஒரே கேசட்டு போவும் வரும். அதுலயும் ஒரு பக்கம் முருகன் பாட்டு. "சாமி பாட்டு மேல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னுட்டாங்க எங்கத்த. மிச்ச ஒரு பக்கத்துலதான் நாங்க பேசி அனுப்போணும். அத அழிச்சு அவரு பேசி அனுப்புவாரு. அத அழிச்சு மறுபடி நாங்க.

மொதத் தடவ பேசுனப்ப மாமனாரு சட்டையப் போட்டுட்டு வந்து உக்காந்தாரு. "இங்கு யாவரும் நலம். கெணத்துல தண்ணி முட்டிக்கால் அளவு. எரும செனையா இருக்குது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. எங்கத்த டேப்புப் பொட்டியக் கையில தூக்கி வாய்க்கிட்ட வெச்சுட்டுக் கத்துறாங்க.

"டேய்! சோறு தின்னயாடா? எண்ண தேச்சுக் குளி! கேக்குதாடா?"

"ஏண்டி இப்புடிக் கத்தற?"ன்னாரு மாமனாரு.

"வடக்க எட்டோணுமல்ல?"

அப்பறம் என் மூஞ்சிக்கு நேராப் பொட்டிய நீட்டி, "நீயும் ரெண்டு வார்த்த பேசு சாமி"ன்னாங்க. ரீலு சுத்துது. ரெண்டு பேரும் என்னயவே பாக்கறாங்க. நெஞ்சுக்குள்ள எவ்வளவோ இருக்குது. "ஏனுங்க"ன்னேன். கடசீல, "அவரக்கொடி பந்தல்ல ஏறிருச்சுங்க"ன்னு சொன்னேன். மாமனாரு சிரிச்சுட்டே வெளிய போயிட்டாரு.

ஒன்னர மாசம் கழிச்சு அவரு பேசி வந்துது. அம்மாளுக்கு முட்டி வலி எப்புடி, அய்யன் பீடியக் கொறச்சாரா, எரும என்ன பண்ணுது, எல்லாத்தையும் கேட்டாரு. என்னயப் பத்தி ஒரு வார்த்த இல்ல. "சரி, வெக்கறேன்"ன்னுட்டு ஒரு இருமல். ஒண்ணே ஒண்ணு. அப்பறம் டக்குனு நின்னுருச்சு.

என்னையறியாம சொம்பத் தேடி எந்திரிச்சுட்டேன். எங்கத்த, "அய்யோ, பையனுக்குச் சளி புடிச்சிருக்குது"ன்னுட்டு சுக்கு, மொளகு, தூதுவளை எல்லாத்தையும் இடிச்சு டப்பால போட்டு டிரைவருகிட்டக் குடுத்தாங்க. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வெக்கம் ஒரு பக்கம். என்னன்னு சொல்றது? அடுத்த கேசட்டுலயும் அதே எடத்துல ஒரு இருமல். டப்பா பெருசாச்சு. "தூள் தின்னு தீரலைங்க அம்மா, போதுங்க"ன்னு அதுக்கடுத்ததுல அவரே கெஞ்சிட்டு, மறுபடி ஒண்ணு இருமுனாரு. ராத்திரில போட்டாச் சத்தம் கேட்டுரும்னு, பகல்லயே மாடு புடிச்சுக் கட்டப்போற சாக்குல பொட்டிய மாட்டுச் சாளைக்கு எடுத்துட்டுப் போயி அந்தக் கடசியத்தான் திருப்பித் திருப்பி ஓட்டுவேன்.

அப்புடியே இருந்திருக்கலாம்.

கடசியா வந்த கேசட்டுல ரொம்ப நேரம் பேசுனாரு. அங்க எல்லாம் ஒரே பாறையாம், போர் எறங்கறப்ப வர்ற கல்லுப்பொடி கஞ்சியில கூட உழுவுதாம். "சரி, வெக்கறேன்"ன்னாரு. இருமுனாரு. மறுபடியும். மறுபடியும். நா என்ன நெனச்சேன் தெரியுங்களா? என்னய ரொம்பத் தேடறாருன்னு நெனச்சேன். மூணு தடவ கூப்புடறாருன்னு பூரிச்சுப் போயிட்டேன்.

எங்கத்த தலைய ஆட்டுனாங்க. "இது வேற மாதிரி இருக்குது சாமி. அடி நெஞ்சுல இருந்து வருது. வேல போனாப் போவுது, கெளம்பி வாடான்னு பேசி அனுப்பலாமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்த. அவரு எப்பவும் இருமறதுதானுங்க"ன்னேன்.

நாந்தான் சொன்னேன். இந்த வாயிதான் சொல்லுச்சு.

அவங்களும் உட்டுட்டாங்க. அவரு பேச்சு மேலயே நாங்க பேசுனோம். மாமனாரு தண்ணியப் பத்திச் சொன்னாரு, எங்கத்த கத்துனாங்க. எம்மொற வந்தப்ப, "ஏனுங்க"ன்னேன், தைரியமா நானும் ஒரு இருமல் இருமுனேன். "உனக்குமா?"ன்னுட்டு எங்கத்த கசாயம் வெக்கப் போயிட்டாங்க.

இருவது நாள்ல ஆளு போயிட்டாரு. காய்ச்சல்னு படுத்தாராம், நெஞ்சு முழுக்கக் கல்லுப்பொடின்னு டாக்டரு சொன்னாராம். லாரில கொண்டாந்து வாசல்ல எறக்குனாங்க. அன்னைக்கு வாசல்ல இருமல் இல்ல.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள், வடக்க இருந்து அவரோட வந்த டிரங்குப் பொட்டியத் தொறந்தேன். லுங்கி, தூள் டப்பா, கேசட்டு. அதுல எங்க சத்தந்தான் இருக்கும், அவரு பேச்சு பூராவும் அழிஞ்சிருக்கும்னு தெரிஞ்சும் போட்டேன். மாமனாரு, அத்தை, நானு. என்னோட அந்த இருமல். முடிஞ்சுது. நிறுத்தக் கை வரல. பொட்டி ஓடிட்டே இருந்துது. கொஞ்ச நேரத்துல, "கஞ்சியில கூட உழுவுதுங்க அம்மா"ன்னு அவரு சத்தம்! அவரு பேச்சு நீளம், எங்களது கட்டை. அவரு பேச்சோட வால் அழியாம மிச்சமிருந்துது. "சரி, வெக்கறேன்." அப்பறம் அந்த மூணு இருமல்.

இப்பத்தாங்க காதுல உழுந்துது. வாசல்ல கூப்புடற இருமலே இல்ல. மூச்சு முட்டற மனுசன் இருமல்.

திரும்புனா எங்கத்த கதவு நெலவுக்கிட்ட நிக்கறாங்க. கால்ல உழுந்துட்டேன். "அத்த, என்னயக் கூப்புடறாருன்னு நெனச்சுட்டேனுங்க. அதனாலதான் ஒண்ணுமில்லைன்னேன். நாந்தான் வர உடாமப் பண்ணிட்டேன்."

பக்கத்துல உக்காந்தாங்க.

"வாசல்ல அவன் ஏன் இருமறான்னு எனக்குத் தெரியாதா கண்ணு? அவங்கய்யனும் அதத்தான் பண்ணுனாரு. சும்மா உங்க ரெண்டு பேரையும் சீண்டத்தான் டப்பா டப்பாவாத் தூள் இடிச்சேன். கடசீல கேட்டது வேறன்னும் தெரிஞ்சுது. நீ ஒண்ணுமில்லைன்னதும் அதுவே நெசமா இருக்கட்டும்னு எம்மனசும் புடிச்சுக்கிச்சு. பெத்தவ நானே உட்டுட்டேன், உன்னய என்ன சொல்ல?"

அப்பறம் அந்த வாலை ஒரு தடவ ஓட்டச் சொன்னாங்க. இருமல் வந்ததும் எந்திரிச்சுப் போயி ஒரு சொம்புத் தண்ணி மொண்டாந்து வாசப்படில வெச்சாங்க. இப்பத் தெனமும் பொழுதோட நாங்க ரெண்டு பேரும் வெக்கறோம். கேசட்டு மேல இனி யாரும் பேசறதில்ல.

கோயில்ல அர்ச்சனைக்குப் பூசாரி பேரு கேக்கறப்ப எனக்கு வாய்ல வர மாட்டேங்குது, எங்கத்த பாதிப் பேரோட நிறுத்திக்கறாங்க. அதனாலதான் உங்களக் கேக்கறேன். படிக்கற எல்லாரும் அவருக்காக ஒரு நிமிசம் உங்க சாமியக் கும்பிடுங்க. பேரு வேண்டாமுங்க. வடக்க போர் போடப் போன பையன், நெஞ்சு வலியில்லாம நல்லா மூச்சு உட்டுட்டு இருக்கோணும்னு மட்டும் வேண்டிக்குங்க.