அண்ணனுக்கு நான் சொன்ன தீர்ப்பு

என் அண்ணன் இருபத்திரண்டு வருஷம் சர்ச்சுக்குள் கால் வைக்கவில்லை. அவருடைய ஒரே மகள் எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த மூன்று நாளும் எங்கள் சபையே முழங்காலில் நின்றது. நாலாம் நாள் அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கடவுளைத் திட்டமாட்டார். கேட்டால் ஒரே பதில்தான்.

“அங்க யாரும் இல்ல பாப்பா. நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன்.”

நான் தஞ்சாவூரில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். சர்ச்சில் பெண்களுக்கு வேதபாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை நீடாமங்கலம் பஸ் பிடித்து ஊருக்குப் போய் அண்ணனிடம் பேசுவேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்பு வருஷத்துக்கு வருஷம் எனக்கு ஆத்திரமாக மாறியது.

போன சம்பா சமயத்தில், காய்க்காத அத்திமரத்தின் உவமையைக் காலையில் பாடம் நடத்திவிட்டு, அதே சூட்டோடு ஊருக்குப் போனேன். அண்ணன் நாற்றங்காலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே கதையைச் சொன்னேன். மூன்று வருஷமாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். தோட்டக்காரன், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எரு போட்டுப் பார்க்கிறேன், அப்புறமும் காய்க்காவிட்டால் வெட்டலாம் என்று கெஞ்சுகிறான்.

“அவன் விவசாயம் தெரிஞ்சவன்,” என்றார் அண்ணன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “எனக்காக நீ அப்படிக் கேட்டுக்கிட்டு இருக்கியா பாப்பா?”

“இருபத்திரண்டு வருஷமா கேட்டாச்சு அண்ணே. இனிமே கேக்கமாட்டேன். உங்களுக்குக் குடுத்த தவணை முடிஞ்சுபோச்சு. வெட்டுனா வெட்டட்டும்.”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. “சரி, வெயில் ஏறுது. சாப்பிட்டுப் போ,” என்றார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை அதே வயல் வரப்பில் உட்கார்ந்த நிலையில் இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

மகளுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அடக்கம் முடிந்து திரும்பும்போது வேதபாடத்துக்கு வரும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வயலில் அண்ணனிடம் நான் சொன்னதை அவரிடம் மட்டும் அன்றைக்கே போனில் சொல்லியிருந்தேன், கொஞ்சம் பெருமையாகவே.

“கர்த்தர் உங்க வாயில பேசியிருக்காருக்கா,” என்றார் அவர். கண்ணில் பயமும் பக்தியும் இருந்தன.

கையை விடுவித்துக்கொண்டேன். அன்றைக்கு வரப்பில் பேசியது நான்தான். பசியும் வெயிலும் ஆத்திரமுமாகப் பேசினேன். எருசலேமுக்கு வரப்போகும் அழிவைச் சொன்னபோது இயேசு அழுதார் என்று எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறேன். என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

முப்பதாம் நாள் அண்ணி சொன்னார். “அன்னிக்கு நீ போனப்புறம், ‘அவ நெசமாவே இனிமே கேக்கமாட்டாளா’ன்னு கேட்டாரு. கோவத்துல சொல்லியிருப்பான்னு சொன்னேன். கை கழுவுறப்ப மறுபடியும் கேட்டாரு.”

நம்பாதவர் எதற்கு இரண்டு தடவை கேட்டார்? வயலில் தனியாக உட்கார்ந்திருந்த அந்தக் கடைசி நேரத்தில் யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தாரா? அண்ணியும் நானும் இதைப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பதில் எனக்குத் தெரியும் என்று நினைப்பவர் மாதிரி.

வேதபாடத்தை இப்போது வேறொருவர் நடத்துகிறார். நான் பின்வரிசையில் உட்காருகிறேன். செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. எல்லோரும் கண்ணை மூடியபின், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி, அண்ணன் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.